எல்ஜி ஜிபி65என்பி60 டிவிடி ரைட்டர்: பெட்டியில் போட்ட எண்ணும் உண்மையில் வரும் வேகமும்

கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று யாழ்ப்பாணத்து அலுமாரிகளுக்குள் கனக்க ஒளிப்பதிவுகள் இன்னும் இறுவட்டில்தான் கிடக்கின்றன. இப்போது வரும் லப்டொப்புகளில் இறுவட்டுப் போட இடமில்லை. அதற்குத்தான் யுஎஸ்பியில் கொழுவும் இந்த மெல்லிய ரைட்டர். டிவிடிக்கு 8 எக்ஸ், சீடிக்கு 24 எக்ஸ், இணைப்பு யுஎஸ்பி 2.0. பழைய இறுவட்டுகளைப் பிரதி எடுக்க ஒன்று வேண்டுமென்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.

கடையில் இதற்குப் பக்கத்திலேயே பெயர் தெரியாத ரைட்டர் ஒன்று ‘யுஎஸ்பி 3.0, அதிவேகம்’ என்ற எழுத்தோடு இருக்கும். அதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. டிவிடியில் 1 எக்ஸ் என்பது செக்கனுக்கு 1.385 மெகாபைற். 8 எக்ஸ் என்றால் 11 மெகாபைற். யுஎஸ்பி 2.0 கேபிளில் 30 மெகாபைற் சாதாரணமாகவே போகும். ஆகவே இங்கே வேகத்தைத் தடுப்பது கேபிள் அல்ல, சுழலும் தட்டு.

அந்த 11 மெகாபைற்றும் இறுவட்டின் வெளிவிளிம்பில் மட்டும்தான் வரும். பெட்டியில் போட்டிருப்பது அந்த உச்ச எண். மோட்டார் ஒரே சீராகச் சுற்றும்போது வெளிவிளிம்பில் ஒரு சுற்றுக்கு நீளம் கூட, நடுவில் குறைவு. டிவிடியில் பதிவு நடுவிலிருந்து 24 மில்லிமீற்றரில் தொடங்கி 58 மில்லிமீற்றரில் முடிகிறது. அதனால் தொடக்கத்தில் கிடைப்பது 3.3 எக்ஸ் அளவுதான், 4.6 மெகாபைற். நிறைந்த 4.7 ஜிகாபைற் டிவிடி ஒன்றைப் பிரதி எடுக்க ஏறக்குறைய பத்து நிமிடம் பிடிக்கும். முதல் நிமிடங்களில் மெதுவாகப் போகிறதே என்று ரைட்டரைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம், அது பழுதில்லை.

டெஸ்க்டொப்புக்குள் பூட்டி, சாற்றா என்ற உள் இணைப்புக் கேபிளில் கொழுவும் பெரிய ரைட்டர் 16 எக்ஸில் வாசிக்கும். அதே டிவிடி ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட முடிந்துவிடும். 16 எக்ஸ் என்றால் நிமிடத்துக்கு 9,200 சுற்று. இறுவட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. சீடியில் 52 எக்ஸ் 10,000 சுற்றைத் தாண்டும். அதற்கு மேல் போகப் போகப் பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக்கால் ஆன தட்டு சிதறும் ஆபத்துக் கூடும். வீட்டுக் கணினிகளுக்கான ரைட்டர்களின் வாசிப்பு வேகம் இந்த இடத்தில் வந்து நின்றதற்குக் காரணம் இதுதான். உள்ளே பூட்டும் ரைட்டர் மதர்போட்டுக்குப் போகும் மின் பெட்டியிலிருந்தே 12 வோல்ற் எடுப்பதால் மின் தட்டுப்பாடும் இல்லை. ஐம்பது, நூறு இறுவட்டு இருக்கிறவர்கள், கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில் 5.25 அங்குல இடமும் இருந்தால், அதையே வாங்குவது நல்லது.

மெல்லிய ரைட்டரில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி மின்சாரத்தால் வருபவை. யுஎஸ்பி 2.0 துளை தரவேண்டியது 500 மில்லியம்பியர். மோட்டார் சுழலத் தொடங்கும்போதும் லேசர் எழுதும்போதும் அதற்கு மேலே தேவைப்படும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து ரைட்டர் காணாமல் போய்த் திரும்ப வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். ஹப் வேண்டாம், நீட்டுக் கேபிள் வேண்டாம், டெஸ்க்டொப்பின் முன்பக்கத் துளையும் வேண்டாம். பெட்டியோடு வந்த கட்டைக் கேபிளை மதர்போட்டின் பின்பக்கத் துளையில் நேரடியாகக் கொழுவுங்கள். நீலநிற யுஎஸ்பி 3.0 துளை இருந்தால் அதுவே நல்லது. வேகம் கூடிவிடாது, ஆனால் அது 900 மில்லியம்பியர் தரும்.

பழைய இறுவட்டுக்கு வேகம் எதிரி. கீறலோ மங்கலோ உள்ள இடத்தில் ரைட்டர் பிழையைத் திருத்தப் பார்க்கும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வாசிக்கும், பிறகு கூட்டிப் பார்த்துத் திரும்பத் தடுமாறும். ‘இம்க்பேர்ன்’ மென்பொருளில் வாசிப்பு வேகத்தை முதலே 4 எக்ஸுக்குக் குறைத்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் போய், பல நேரம் மொத்தமாகவே விரைவில் முடியும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ‘டிடிரெஸ்கியூ’ என்ற மீட்பு மென்பொருளைப் பாவிக்கலாம். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, விடுபட்டவற்றைக் குறித்து வைத்துப் பிறகு அவற்றுக்குத் திரும்பி வரும். அந்தக் குறிப்புக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் அதே இறுவட்டை வேறொரு ரைட்டரில் போட்டு மிச்சத்தைத் தொடரலாம். ஒரு ரைட்டர் வாசிக்காத பகுதியை இன்னொன்று வாசிப்பது வழமை.

போடமுன் இறுவட்டைத் துடையுங்கள். புழுதி இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும், பிறகு மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் துடைக்கக்கூடாது. தின்னர், பெற்றோல் பக்கமே போகவேண்டாம். சீடியின் மேற்பக்கத்தைக் கவனமாகப் பிடியுங்கள்: பதிவுப்படை அங்கே மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது, பெயர்ந்தால் போனது போனதுதான். டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீற்றர் தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

எழுதுவதற்கும் இந்த ரைட்டர் வடிவாகவே இருக்கிறது. 16 எக்ஸ் என்று குறித்த வெற்று டிவிடியையும் இது 8 எக்ஸுக்கு மேல் எழுதாது. சேமிப்புக்கு அதுவே போதும். எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் தெரிவை விடாதீர்கள், இன்னொரு பத்து நிமிடம்தான்.

ஸ்ரூடியோக்கள் படம் அச்சிட்டு ஒட்டிய கடதாசி ஸ்ரிக்கர் உள்ள இறுவட்டுகளுக்கு இந்த மெல்லிய ரைட்டர்தான் பொருத்தம். ஸ்ரிக்கர் ஒரு பக்கம் சுருண்டிருந்தால் பாரம் சமனில்லாமல் தட்டு அதிரும். 4,600 சுற்றில் ஓரளவு சமாளிக்கும் அதிர்வு 9,200 சுற்றில் வாசிக்கவே விடாது. நடு ஓட்டையைச் சுற்றி வெடிப்புத் தெரிகிற இறுவட்டைப் பெரிய ரைட்டரில் போடவே வேண்டாம். உள்ளே சிதறினால் லென்ஸும் போய்விடும்.