பழைய டெர் டெர்மெஸ், புதிய வெட்டிவேர்: சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் இரண்டும் எப்படி?

வெட்டிவேர் நம் சொல். பிரெஞ்சு மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் அது தமிழிலிருந்துதான் போனது. அதனால் ஒரு வாசனைத் திரவியக் குப்பியில் அந்தப் பெயரைப் பார்த்ததும், மண்பானைத் தண்ணீரில் ஊறிய வேரின் வாசத்தை நம் மூக்கு தேடத் தொடங்கிவிடும். ஹெர்மெஸ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ‘டெர் டெர்மெஸ் ஓ இன்டென்ஸ் வெட்டிவேர்’ அந்தத் தேடலுக்குப் பாதிப் பதில்தான் தருகிறது. 2006இல் வந்த மூல டெர் டெர்மெஸ் தன் பெயரில் வேரைச் சொல்லாவிட்டாலும், நாம் அறிந்த வேருக்கு இன்னும் நெருக்கமாக நிற்கிறது. இரண்டையும் நீண்டநாள் மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்ததில் உறுதிப்பட்ட முடிவு இது.

மூலத்தை உருவாக்கியவர் ஷான் குளோட் எலேனா. தெற்குப் பிரான்சில் வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் ஊர்க்காரர். குறைந்த பொருள்களை வைத்து நிறையச் சொல்வது அவர் பாணி. 2018இன் வடிவத்தைச் செய்தவர் கிறிஸ்டீன் நாஜெல். சுவிட்சர்லாந்துக்காரர், வேதியியல் படித்துவிட்டு வாசனைத் துறைக்கு வந்தவர், எலேனாவுக்குப் பின் அந்த நிறுவனத்தின் வாசனைப் பொறுப்பை ஏற்றவர். ஒரே எலும்புக்கூட்டின் மேல் வேறொருவர் சதை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்த இரண்டும். ‘இன்டென்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்துப் பழையதையே அடர்த்தியாக்கித் தந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். வலுக்கூட்டிய பழையது வேண்டுமென்றால் 2009இல் எலேனாவே செய்த ‘பர்ஃபம்’ வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பழையதை அடித்த முதல் நிமிடம் ஆரஞ்சு. சாற்றின் இனிப்பு அதில் இல்லை. தோலை நகத்தால் கீறும்போது தெறிக்கும் கசப்பு எண்ணெயும், கூடவே கிரேப்ஃப்ரூட்டின் துவர்ப்பும் இருக்கும். பதினைந்து, இருபது நிமிடத்தில் அது பின்வாங்க, மிளகும் கல்லும் மேலே வரும். அந்தக் கல் வாசம்தான் இந்தத் திரவியத்தின் முகவரி. சிக்கிமுக்கிக் கல்லை உரசியதும் எழும் வறண்ட வாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழிந்தால் தேவதாரு போன்ற மரவாசம், பச்சோலி, வெட்டிவேர், அடியில் சாம்பிராணியின் மெல்லிய இனிப்பு. பச்சோலி என்ற பெயருக்கும் தமிழ்ப் ‘பச்சிலை’தான் மூலம் என்று சொல்வார்கள். சாம்பிராணியோ நம் வீட்டுப் புகைதான். இந்தக் கலவை நம் மூக்குக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

புதியதில் ஆரஞ்சுக்குப் பதில் பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழம் முன்னால் நிற்கிறது. தேயிலையில் கலந்த மணமாக அது பலருக்கும் தெரிந்திருக்கும். உடனே அடுத்து சிச்சுவான் மிளகு. மாலா கடைகளில் நாக்கை மரக்க வைக்கிறதே, அதே மிளகுதான். தாவரக் குடும்பத்தால் அது மிளகின் உறவு கிடையாது, எலுமிச்சையின் உறவு. அதனால்தான் காரத்தோடு ஒரு எலுமிச்சைக் கூர்மையும் வருகிறது. பிறகு ஜெரேனியத்தின் பச்சை ரோஜாச் சாயல். பழையதன் கல் இங்கே வெகுவாக அடங்கிவிட்டது. வெட்டிவேர் வருகிறது, ஆனால் குளிப்பாட்டி, தலை துவட்டி, வெள்ளைச் சட்டை போட்டு வருகிறது. மண் ஒட்டியிருக்காது.

வேர் ஒன்றாக இருந்தாலும் எண்ணெய் ஒன்றாக இருப்பதில்லை. ஹைத்தியில் வடிக்கும் எண்ணெய் சுத்தமானது, சிட்ரஸ் சாயல் கொண்டது. ஜாவாவில் வடிப்பதில் புகை ஏறியிருக்கும். வடஇந்தியாவில் செப்புக் கலங்களில் வடிக்கும் ‘ரூ கஸ்’ ஈரமண்ணும் இனிப்பும் கலந்தது. கிரேப்ஃப்ரூட்டுக்கு அதன் அடையாள வாசத்தைத் தரும் நூட்கட்டோன் வெட்டிவேர் எண்ணெயிலும் உண்டு. ஆகவே வேரையும் சிட்ரஸையும் சேர்ப்பது தற்செயல் இல்லை, இரண்டுக்கும் நடுவே அந்தப் பொது மூலக்கூறு பாலமாக நிற்கிறது. நாஜெல் அந்தப் பாலத்தின் சிட்ரஸ் கரையில் நிற்கிறார், எலேனா மண் கரையில். பானைத் தண்ணீர் வாசத்தை எந்தத் திரவியத்திலும் அப்படியே எதிர்பார்ப்பதும் சரியாகாது. வேரின் எண்ணெய் நீரில் மிகக் கொஞ்சமே கரையும். பானையில் நமக்குக் கிடைப்பது அந்தக் கொஞ்சமும் சுட்ட மண்ணின் வாசமும்தான்.

இனி நம் ஊர்க் காற்று. பகலில் 31, 32 டிகிரி, ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டுக்கு மேல் சராசரி ஈரப்பதம். சூடு ஏறினால் திரவியம் வேகமாக ஆவியாகும். புளோக்கிலிருந்து பெருவிரைவு ரயில் நிலையம் வரை பத்து நிமிடம் நடந்தாலே, குளிர்நாட்டில் ஒரு மணி நேரம் நிற்கும் மேல்வாசம், அதாவது அடித்ததும் முதலில் எழும் வாசம், முடிந்துபோகும். அலுவலக ஏர்கானுக்குள் நுழைந்ததும் ஆவியாவது குறைந்து, காற்றும் வறண்டு, வாசம் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பூசியவருக்கு ‘போய்விட்டது’ என்று தோன்றுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே இறங்கினால் அது மறுபடி எழும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் பழையது நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. வெயிலில் அதன் கல் வறண்டு விரிகிறது, வியர்வையோடு சண்டை போடுவதில்லை. தோலில் ஆறு முதல் எட்டு மணி நேரம், பருத்திச் சட்டையில் மறுநாள் காலைவரை. புதியது வெளியில் முதல் ஒரு மணி நேரம் பழையதைவிட அழகாக இருக்கும். ஈரக்காற்றில் அந்தப் பச்சை மிளகு வாசம் குளிர்ந்த துண்டு மாதிரி. மூன்றாவது மணியிலிருந்து அது ஒரு சுத்தமான மரவாசமாகச் சமதளமாகி, ஐந்து முதல் ஏழு மணி நேரத்தில் அடங்கிவிடும். தோலுக்குத் தோல் ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம்.

பழையது ஓ டி டாய்லட், புதியது ஓ டி பர்ஃபம். அப்படியானால் புதியதுதானே நீண்டநேரம் நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்தப் பெயர்கள் எண்ணெயின் அளவைக் காட்டுபவை. அந்த எண்ணெயில் எது இருக்கிறது என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். சிட்ரஸ் மூலக்கூறுகள் இலேசானவை, எத்தனை விழுக்காடு ஊற்றினாலும் பறக்கும். மரவாசத்துக்கான மூலக்கூறுகள் கனமானவை. பழையதில் ஐசோ ஈ சூப்பர் என்ற மரவாசச் செயற்கைப் பொருள் தாராளமாக இருக்கிறது, அது தோலைவிட்டு மெதுவாகத்தான் விலகும்.

அதே பொருள்தான் ஒரு சிக்கலுக்கும் காரணம். ஐசோ ஈ சூப்பரைச் சிலருடைய மூக்கு சரியாக உணர்வதே இல்லை. உணர்பவருக்கும் சிறிது நேரத்தில் பழகி மறைந்துவிடும், அப்புறம் திடீரெனத் திரும்பி வரும். நமக்கு வாசம் இல்லையென்று மேலும் நான்கு முறை அடித்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறினால், கூட நிற்பவர்கள் பாடு திண்டாட்டம். பழையதற்கு இரண்டு அடி போதும், புதியதற்கு மூன்று. கழுத்தின் பின்பக்கம் ஒன்று, சட்டைக்குள் நெஞ்சில் ஒன்று. மூன்றாவதை முழங்கையின் உள்மடிப்பில் வைக்கலாம். மணிக்கட்டு வேண்டாம், கை கழுவும்போதெல்லாம் பாதி போய்விடும். தேய்ப்பதும் வேண்டாம், தேய்த்தால் மேல்வாசம் இன்னும் சீக்கிரம் கலையும். வாசனையுள்ள சன்ஸ்கிரீன் மேல் அடித்தால் இரண்டுமே கெடும், புதியது அதிகமாகக் கெடும்.

கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அட்டைப்பட்டையில் மோந்து முடிவெடுக்க வேண்டாம். அட்டையில் முதல் பத்து நிமிடத்துக்குப் புதியதுதான் எப்போதும் ஜெயிக்கும். இடது முன்கையில் ஒன்று, வலது முன்கையில் மற்றது, சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஒரே ஒரு அடி. கடையை விட்டு இறங்கி, வெயிலில் சிராங்கூன் சாலையில் ஒரு நடை, அப்புறம் ஏர்கான் உள்ள இடத்தில் ஒரு மணி நேரம். பத்தாவது நிமிடம், ஒரு மணி, நான்கு மணி என மூன்று முறை மோந்து பாருங்கள். மூக்கு களைத்தால் காப்பிக்கொட்டையைத் தேட வேண்டாம், பூசாத இடத்தில் சொந்தத் தோலை மோந்தாலே தெளிந்துவிடும். அன்றைக்கு மூன்றாவது திரவியம் எதையும் தொடாதீர்கள்.

உடையில் அடிப்பதானால் பருத்திக்கு மட்டும், அதுவும் உள்பக்கம். பட்டுச் சேலையிலும் பட்டு வேட்டியிலும் நேராக அடித்தால் எண்ணெய் வட்டம் விழும், சரிகை கறுக்கவும் வாய்ப்புண்டு. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மல்லிகைச் சரம், சந்தனம், கற்பூரம் எல்லாம் சுற்றி இருக்கும். அந்த இடத்தில் பழையது சந்தனத்தோடும் சாம்பிராணிப் புகையோடும் இழைந்து போகும். புதியதன் ஜெரேனியம் மல்லிகையோடு முட்டிக்கொண்டு, சோப்பு மாதிரி ஆகிவிடும். தேக்கா சந்தையில் மீன், மசாலா நடுவே காலையில் நடக்கிற நாளுக்குப் புதியதுதான் சரி.

சேமிப்பில்தான் இங்கே பலரும் தோற்கிறார்கள். வீவக வீட்டுக் குளியலறை அலமாரி, வெயில் விழும் சன்னலோரம், கார் டேஷ்போர்டு மூன்றும் கூடாது. சிட்ரஸின் லிமோனீன் காற்றும் சூடும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். அடித்ததும் டர்பன்டைன் போலவோ காய்ந்துபோன ஆரஞ்சுத்தோல் போலவோ ஒரு எரிச்சல் முதல் நிமிடத்தில் வந்தால் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கெட்ட சிட்ரஸ் தோலில் அரிப்பும் உண்டாக்கலாம், அதைத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் புதியதுதான் சிட்ரஸை அதிகம் நம்பியிருப்பது, அதனால் சீக்கிரம் பாதிக்கப்படுவதும் அதுவே. துணி அலமாரியின் கீழ்த்தட்டில், அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்தால் போதும். குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. குப்பி கால்வாசிக்கு இறங்கினால் உள்ளே காற்று அதிகம் என்று பொருள், அப்போது தள்ளிப்போடாமல் தீர்த்துவிடுங்கள்.

அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஓர் அடிக்குச் சுமார் 0.1 மி.லி. போகும். 50 மி.லி. குப்பியில் ஏறக்குறைய 500 அடி. நாளுக்கு மூன்று என்றால் ஐந்தரை மாதம். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பூசுபவருக்கு அதே குப்பி ஒன்றரை ஆண்டு வரும். அப்படிப்பட்டவர் மி.லி. கணக்கில் மலிவு என்று 100 மி.லி. வாங்கினால் கடைசிக் கால்பாகம் கெட்ட சிட்ரஸாகத்தான் முடியும். கடைக்குக் கடை பல வெள்ளி வித்தியாசம் இருக்கும், 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்த விலையா என்று கேட்டுக்கொண்டே ஒப்பிடுங்கள். பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் குப்பியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போலியைப் பழையதில் கண்டுபிடிப்பது எளிது: ஆரஞ்சை ஒருவாறு செய்துவிடுவார்கள், கல்லைச் செய்ய வராது. அரை மணியில் வெறும் இனிப்பும் சாராய வாடையும் மிஞ்சும்.

இரண்டும் கைவசம் இருந்தால் ஒன்றாகவும் பூசலாம், எலும்பு ஒன்றே என்பதால் அடித்துக்கொள்ளாது. குளித்துத் துவட்டியதும் பழையதை நெஞ்சில் ஒரே அடி, இரண்டு நிமிடம் காயவிட்டு, சட்டை போட்டபின் புதியதைப் பின்கழுத்தில் ஒரே அடி. காலை நடையில் சிச்சுவான் மிளகு முன்னால் போகும், மாலை ரயிலில் திரும்பும்போது கல்லும் வேரும் சட்டைக்குள் இன்னும் இருக்கும்.