இராத்திரி படகு எங்கே நிற்கும் என்று எழுதி வாங்காமல் இன்சூரன்ஸ் எடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு இருந்து தொண்டிக் கரையில் சொந்தப் படகோ ஜெட் ஸ்கியோ வைத்திருப்பவர்கள், வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். ஆறரை லட்ச ரூபாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்த படகு போய், இன்று வரை ஒரு பைசா கைக்கு வரவில்லை. அதை எப்படி இழந்தேன் என்று விவரமாகச் சொன்னால்தான் இன்னொருத்தர் தப்பிக்க முடியும்.

எங்களுடையது பள்ளத்தூர். பினாங்கில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குச் சின்ன வயசிலிருந்தே கடல் என்றால் உயிர். அவன்தான் பணம் போட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகளோடு ஊருக்கு வரும்போது ஓட்டலாம் என்று, 16 அடி ஃபைபர் படகு ஒன்றும் (60 ஹெச்பி அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜினோடு) பழைய ஜெட் ஸ்கி ஒன்றும் வாங்கச் சொன்னான். இரண்டும் என் பெயரில்தான். டிரெய்லரில் ஏற்றித் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனால் ஒன்றரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும்.

எங்கள் வீட்டு வண்டிகளுக்கெல்லாம் இன்சூரன்ஸ் போட்டுத் தரும் ஏஜென்டிடமே இதையும் கேட்டேன். பத்து வருஷப் பழக்கம். வீட்டுக்கே வந்தார், காபி குடித்தார், நான்கு பக்கப் படிவத்தை நீட்டி, "அண்ணே, கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் ஆபீஸ்ல நிரப்பிக்கிறேன்" என்றார். போட்டேன். அப்போதே வாய்விட்டுக் கேட்டேன், பிள்ளைகள் வந்தால் இரண்டு மூன்று நாள் படகு தொண்டியில் தண்ணீரிலேயே நிற்கும், அதற்கும் சேருமா என்று. "கார் மாதிரிதான் அண்ணே, எங்க நின்னாலும் கவர் உண்டு" என்றார். பிரீமியம், சர்வே கட்டணம், ஜெட் ஸ்கியைச் சேர்க்கக் கொஞ்சம் என்று 19,400 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து இரண்டு பக்கத் தாள் ஒன்று வந்தது. அதில் படகின் பெயர், தொகை, தேதி, அதற்குக் கீழே பொடி எழுத்தில் "இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ்படி" என்று ஒரு வரி. அந்த கிளாசஸ், அதாவது உல்லாசப் படகுப் பாலிசிக்கான நிபந்தனைத் தொகுப்பு, என்ன சொல்கிறது என்று ஒரு தாளும் கூட வரவில்லை.

திருக்கார்த்திகை முடிந்த வாரம் தம்பி குடும்பம் வந்திருந்தது. மறுநாள் காலையிலும் போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால் படகைக் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். அங்கே வலை காய வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, வாடை பிறந்துருச்சு, இது வெறுங்கரை, ஏத்திப் போட்டுட்டுப் போங்க." ஒரு ராத்திரிதானே என்று நினைத்தோம். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமில்லை, அதனால் வாடைக்காற்று அடித்தால் அலை குட்டையாக, அடுத்தடுத்து, செங்குத்தாக எழும்பும். விடியற்காலை நான்கரைக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் படகு நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு கரையில் மோதி, அடியில் பிளந்து, இன்ஜின் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தது.

இங்கேதான் இரண்டாவது அடி. தொண்டியிலேயே இருந்த இன்ஜின் மெக்கானிக் உடனே வந்துவிட்டார். நல்ல தண்ணீரால் கழுவி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றி எண்ணெய் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓட்டிவிட்டால் இன்ஜினையாவது காப்பாற்றலாம் என்றார். உப்புத் தண்ணீரில் மூழ்கின இன்ஜின் வெளியே வந்து காற்றுப் பட்ட நிமிஷத்திலிருந்து துரு பிடிக்க ஆரம்பித்துவிடும் என்பதை அவர்தான் சொன்னார். ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "தொடாதீங்க அண்ணே, சர்வேயர் பார்க்காம கைய வச்சா கிளைம் போயிரும்" என்றார். மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நஷ்டத்தை மதிப்பிடும் அந்தச் சர்வேயர் வந்தது மூன்றாம் நாள் மத்தியானம். அதற்குள் இன்ஜின் இறுகிவிட்டது.

நாற்பது நாள் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. மூன்று காரணம்.

ஒன்று, படிவத்தில் "நிறுத்துமிடம்: பூட்டிய கொட்டகை, பள்ளத்தூர், டிரெய்லர் மேல்" என்று இருக்கிறதாம், நான் தவறான தகவல் கொடுத்தேனாம். அந்த எழுத்து என்னுடையது இல்லை. கையெழுத்து என்னுடையது.

இரண்டு, ஸ்பீட்போட் விதி. இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நீங்கள் இதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். இந்த யாட் கிளாசஸ் லண்டனில் 1985-ல் வகுத்தது. அதன்படி படகின் உச்ச வேகம் 17 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், தனி விதி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். 60 ஹெச்பி போட்ட சின்ன ஃபைபர் படகு இந்த வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும், ஜெட் ஸ்கியைச் சொல்லவே வேண்டாம். அந்த விதி என்ன சொல்கிறது தெரியுமா? திறந்த கரைக்கு எதிரே, ஆள் இல்லாமல், நங்கூரம் போட்டோ கட்டியோ விட்டிருக்கும்போது படகு தரை தட்டினாலும், மூழ்கினாலும், அறுத்துக்கொண்டு போனாலும் பணம் கிடையாது. எனக்கு நடந்ததை அப்படியே பார்த்து எழுதின மாதிரி இருந்தது. படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. படகு ஓடும்போது என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் யோசிக்கிறோம், ஏஜென்டும் அதைத்தான் பேசுகிறார். ஆனால் படகு தன் ஆயுசில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. அது நிற்கும் நேரத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் வயிற்றெரிச்சல். நஷ்டம் பெருகாமல் தடுக்க வேண்டியது பாலிசிதாரர் கடமை, இன்ஜினைக் கழுவாமல் போட்டுவைத்ததால் துருவுக்குப் பொறுப்பு இல்லை என்று எழுதியிருந்தார்கள். தொடாதே என்று சொன்னது அவர்களுடைய ஏஜென்ட். அவர் இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். அதனால் சொல்கிறேன், படகு மூழ்கினால் முதலில் நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள், கம்பெனிக்கு எழுத்தில் தகவல் அனுப்புங்கள், அப்புறம் யாருக்காகவும் காத்திருக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்ஜினைக் கழுவுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாலிசியைத் திரும்பப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அட்டவணையில் ஒரே ஒரு இன்ஜின் நம்பர், படகினுடையது. ஜெட் ஸ்கி அதில் இல்லவே இல்லை. கம்பெனி ரசீதில் இருந்த பிரீமியம் 13,150. மீதி 6,250 எங்கே போனது என்று கேட்டால் பதில் இல்லை. ஒன்றரை வருஷமாகப் பிள்ளைகள் அந்த ஜெட் ஸ்கியில் ஆள் குளிக்கும் கரையோரம் சுற்றியிருக்கிறார்கள். யார் மேலாவது மோதியிருந்தால்? பணம் போனதை விட இதை நினைத்தால்தான் கை நடுங்குகிறது. கார், பைக்குக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதனால் எந்தப் பாலிசி எடுத்தாலும் அது உள்ளே இருக்கும் என்று நமக்கு ஒரு பழக்கம். கடலில் ஓடும் ஜெட் ஸ்கிக்கு அந்தச் சட்டம் வராது. மூன்றாம் நபர் பொறுப்பு எவ்வளவு தொகைக்கு என்று தனியாகக் கேட்டு, தொகையோடு எழுத்தில் வாங்க வேண்டும். கரையில் சிதைந்து கிடக்கும் படகை அகற்றுகிற செலவு அதில் சேருமா என்றும் கேளுங்கள், எனக்குக் கிரேனுக்கும் ஆளுக்கும் மட்டும் தனியாகச் செலவாயிற்று.

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீடுகளை விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வேயர் என்னிடம் மூன்று தடவை கேட்டது, வாடகைக்கு யாரையாவது ஏற்றினீர்களா என்பதைத்தான். நாங்கள் ஏற்றவில்லை. இந்தப் பாலிசி சொந்த உல்லாசத்துக்கு மட்டும், தங்குகிறவர்களுக்கு "படகுச் சவாரியும் உண்டு" என்று கட்டணத்தோடு சேர்த்துவிட்டால் அது கூலிக்கு ஓட்டுவதாகிவிடும். அப்புறம், 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு ரொம்பக் கடுமையானது. பாலிசியில் உறுதிமொழியாக எழுதின நிபந்தனையை அச்சுப் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும், நஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்ற பேச்சே இல்லை. காற்றுதானே படகை உடைத்தது என்று வாதாடினாலும் எடுபடாது.

இன்னும் சில விஷயம், சுருக்கமாக. இன்ஜின் திருட்டுக்குப் பணம் வேண்டும் என்றால் அதை மாட்டியிருக்கிற போல்ட்டு போதாது, அதற்கு மேல் தனியாக ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்க வேண்டும், இதுவும் அதே கிளாசஸில் இருக்கிறது. மற்ற பாகங்களுக்குப் புது விலை கொடுத்தாலும் அவுட்போர்டு இன்ஜினுக்குத் தேய்மானம் கழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மொத்தமாகப் போனால் ஒத்துக்கொண்ட மதிப்பு தருவார்களா, அன்றைய சந்தை மதிப்பா என்று முன்கூட்டியே கேளுங்கள். எந்தக் கடல் எல்லைக்குள், எந்த மாதங்களில் ஓட்டலாம் என்பதையும் பாருங்கள்.

எங்கள் ஐயா கொடுக்கல் வாங்கல் நடத்தினவர், எழுதாத தாளில் கை வைக்க மாட்டார். அந்த வீட்டில் பிறந்த நான் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது பத்து வருஷப் பழக்கத்தை நம்பி. நீங்கள் போடாதீர்கள். போட்டிருந்தால், நிரப்பின படிவத்தின் நகலைக் கம்பெனியிடம் இன்றைக்கே கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை, அதற்குக் காசு இல்லை. கிளாசஸ் முழுவதையும் சேர்த்துக் கேளுங்கள். தவறு இருந்தால் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் திருத்தத் தாள், போட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

நான் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஒம்புட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம், போகலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம், ஆனால் மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும், 155255 எண்ணிலும் புகாரைப் பதியலாம். சொல்லாத விலக்கு நிபந்தனையைக் காட்டிக் கம்பெனி பணத்தை மறுக்க முடியாது என்று மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லியிருக்கிறது. கிளாசஸை எனக்குத் தரவே இல்லை என்பதுதான் ஒம்புட்ஸ்மனிடம் நான் கொடுத்த மனுவில் முதல் வரி. விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.

ஜெட் ஸ்கிக்கு இப்போது வேறு கம்பெனியில் தனிப் பாலிசி எடுத்திருக்கிறேன். இராத்திரி அது எங்கே நிற்கும், யார் யார் ஓட்டுவார்கள், மூன்றாம் நபர் பொறுப்பு எவ்வளவு என்று என் கையால் எழுதி, கம்பெனி முத்திரையோடு பதில் வாங்கின பிறகுதான் பணம் கட்டினேன். அந்தக் கடிதத்தையும், படிவ நகல் கேட்டு எழுதின கடிதத்தையும் பெயர் விவரங்களை எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.