வேலை எண் சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் போலி

பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில், ஆராய்ச்சிப் பிரிவுகளில் வேலை தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஆறு வருடம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஆராய்ச்சிப் பக்கம் போகலாம் என்று கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் (மருந்துகளை ஆட்களிடம் சோதித்துப் பார்க்கும் ட்ரையல்களை ஒருங்கிணைப்பவர்) வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில், வேலை இருக்கிறது என்று வந்த ஒரு மெயிலில்தான் மாட்டிக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மெயிலில் இருந்த வேலை எண்ணைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், இருந்தது. துறை, ஆய்வை நடத்தும் பேராசிரியரின் பெயர் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. போகாமல் என்ன, அங்கிருந்துதானே அள்ளியிருக்கிறார்கள்! நான் பார்க்காமல் விட்டது அனுப்பியவரின் முகவரியை. பல்கலைக்கழகத்தின் பெயர், ஒரு சின்னக் கோடு, அப்புறம் 'கேரியர்ஸ்', கடைசியில் டாட் காம். டாட் காம் முகவரியை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம்.

நேர்காணல் டெலிகிராமில். குரலும் இல்லை, முகமும் இல்லை, வெறும் சாட்தான். கேள்விகள் மோசமில்லை, நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவது பற்றியெல்லாம் கேட்டார்கள். கடைசியில் நான், "இந்த ட்ரையல் எத்தனையாவது கட்டம்?" என்றேன். 'டைப் செய்கிறார்' என்று ரொம்ப நேரம் காட்டியது. பிறகு வந்த பதில்: "எல்லாக் கட்டமும்." மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்ப்பது முதல் கட்டம், மருந்து விற்பனைக்கு வந்த பிறகு கண்காணிப்பது நான்காவது, ஒரே ட்ரையலில் நான்குமா? சிரிப்புதான் வந்தது. ஹெச்.ஆர். ஆள், தெரியாது போல என்று அவருக்காக நானே ஒரு சாக்கையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் முத்திரையோடு ஆஃபர் லெட்டர். கூடவே ஜி.சி.பி. (ட்ரையலை ஒழுங்காக நடத்துவதற்கான நெறிமுறைகள்) பயிற்சிக்குக் கட்டணம், பின்னணிச் சரிபார்ப்புக்குக் கட்டணம், இரண்டும் முதல் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடுமாம். கட்டினேன். ஜி.சி.பி. என்பது ட்ரையலில் வேலை செய்கிறவர்கள் நிஜமாகவே படிக்க வேண்டியது, அதனால்தான் சந்தேகம் வரவில்லை. ஆனால் அதைப் பெரும்பாலும் சேர்ந்த பிறகு அவர்களே படிக்க வைப்பார்கள், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. மூன்றாவதாக ஹெபடைடிஸ் பி பரிசோதனைக்குப் பணம் என்றபோதுதான் உறைத்தது.

மெயிலில் இருந்த ஃபோன் எண்ணை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத் தளத்தில் துறைக்கென்று போட்டிருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த அம்மா நான் சொல்லி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை, "பணம் கட்டிவிட்டீர்களா?" என்றார். அந்த வேலைக்கு எப்போதோ ஆள் எடுத்தாயிற்றாம், பக்கத்தைத்தான் இன்னும் தூக்கவில்லையாம். விண்ணப்பம் அவர்களுடைய தளம் வழியாக மட்டும்தான், பணம் என்ற பேச்சே கிடையாதாம். சரி, அந்தப் பக்கத்தை நேரத்துக்குத் தூக்கியிருந்தால் நான் வேலை எண்ணைத் தேடியபோதே விஷயம் வெளுத்திருக்கும், அதையும் சொன்னேன்.

வங்கியில், கட்டிய அன்றே வந்திருந்தால் நிறுத்தப் பார்த்திருக்கலாம் என்றார்கள். நான் போனது ஒன்பதாவது நாள். பணத்தைவிட இப்போது உறுத்துவது, அவர்களிடம் இருக்கும் என் பாஸ்போர்ட் நகலும் நர்ஸிங் பதிவு எண்ணும்தான். என் பதிவைச் சரிபார்க்கச் சொல்லி யாராவது கேட்டால் எனக்குத் தெரிவியுங்கள் என்று நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அந்த டெலிகிராம் கணக்கு மட்டும் பேராசிரியரின் படத்தோடு நேற்று ராத்திரி வரை ஆன்லைனில்தான் இருந்தது.