சி டிரைவ் நிறைந்ததும் இன்ஸ்டாலர் ஃபோல்டரில் கைவைப்பவர்களுக்கு

பாளையங்கோட்டை, முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டைப் பக்கம் இருக்கும் டிடிபி சென்டர், ஃபிளக்ஸ் டிசைன் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே அமைப்புதான், விண்டோஸுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி, டிசைன் ஃபைல்களுக்கு ஒரு பழைய ஹார்டு டிஸ்க். ஆனித் தேரோட்டம் நெருங்கி ஆர்டர் குவிகிற நேரமாகப் பார்த்து போன் வரும்: "அண்ணாச்சி, போட்டோஷாப்ல ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்லுன்னு காட்டுது, சேவ் பண்ண முடியல." ஸ்க்ராட்ச் டிஸ்க் என்றால் போட்டோஷாப் தற்காலிகமாகப் பயன்படுத்தும் டிஸ்க் இடம். போய்ப் பார்த்தால் சி டிரைவில் சிவப்புக் கோடு.

எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் இடத்தை அடைத்துக்கொண்டு மேலே நிற்பவற்றில் ஒன்று, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் 'இன்ஸ்டாலர்'. சாதாரணமாகக் கண்ணில் படாது, அட்ரஸ் பாரில் பாதையை டைப் செய்தால் திறக்கும். உள்ளே எண்ணும் எழுத்துமாக அர்த்தமில்லாத பெயர்களில் எம்எஸ்ஐ (மென்பொருளை நிறுவும் ஃபைல்), எம்எஸ்பி (அதற்கான பேட்ச், அதாவது திருத்த ஃபைல்) வரிசையாகக் கிடக்கும். மேலே இருக்கும் தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'சப்ஜெக்ட்' என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் எது எந்த மென்பொருளுடையது என்று தெரிந்துவிடும், பலருக்கு இது தெரிவதில்லை.

இதைக் குப்பை என்று நினைத்து மொத்தமாக அழிப்பதுதான் பெரிய தப்பு. மென்பொருளை ரிப்பேர் செய்யவும் அப்டேட் போடவும் நீக்கவும் விண்டோஸ் இந்தப் பிரதிகளைத்தான் தேடும். வேறு யாரோ வந்து அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டுப் போன ஒரு கடையில் பழைய ஆபீஸ் 2010ஐ நீக்கவும் முடியவில்லை, மேலே புதியது போடவும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் 'ப்ரோபிளஸ்டபிள்யூடபிள்யூ.எம்எஸ்ஐ எங்கே' என்று கேட்டு நின்றது. அதே பதிப்பின் டிவிடியைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

ஆனால் அங்கே அனாதையான ஃபைல்களும் நிறைய உண்டு, மென்பொருள் போயிருக்கும், புதிய பேட்ச் பழையதை மாற்றியிருக்கும், ஃபைல் மட்டும் அப்படியே கிடக்கும். அவற்றைப் பிரிக்க நான் நம்பிப் பயன்படுத்துவது பேட்ச்கிளீனர் என்ற மென்பொருள். இப்போது நிறுவியிருக்கும் மென்பொருள்களின் பட்டியலை விண்டோஸிடமே வாங்கி, ஃபோல்டரில் இருப்பதோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாததைத் தனியாகக் காட்டும். 'டெலிட்', 'மூவ்' என்று இரண்டு பட்டன் இருக்கும். நான் எப்போதும் மூவ்தான். ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி வைத்துவிட்டு, கடைக்காரர் ஒரு கல்யாண சீசன் முழுக்க வேலை பார்த்து, இடையில் அப்டேட்டும் ஏறி, எந்தப் புகாரும் வராத பிறகே அழிப்பேன். அக்ரோபாட் ஃபைல்களை அது முதலிலேயே விலக்கி வைத்திருக்கும், தேவையான ஃபைலையே அனாதை என்று காட்டிவிடுவதால் வந்த ஏற்பாடு அது, அந்த வடிகட்டியை எடுக்காதீர்கள். பழைய கருவிதான், ஆனாலும் என் கைக்கு இதுவரை துரோகம் செய்ததில்லை.

மற்றவை சுலபம். விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது பழையதை வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் பத்து நாளில் தானாகப் போகும், அவசரமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்கள் பகுதிக்குப் போய் டிக் செய்யலாம். டிரைவர் போடும்போது சி டிரைவில் விரிந்து கிடக்கும் என்விடியா, ஏஎம்டி ஃபோல்டர்களை, டிரைவர் ஒழுங்காக ஏறியிருந்தால் அழிக்கலாம். விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பக்கம் மட்டும் கையால் போகவே கூடாது. அங்கே காட்டும் அளவே நிஜமில்லை, ஒரே ஃபைல் ஹார்டு லிங்க் வழியாக, அதாவது ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பதால், இரண்டு இடத்தில் கணக்காகும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் கடைக்குக் கடை மாறும். ஒரே செட்டப் ஃபைல் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று நான்கைந்து பிரதியாக இருக்கும், தாராளமாக அழிக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பிதழ் மேட்டரும் அதற்குள்ளேயேதான் இருக்கும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு டிஸ்க் கிளீனப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸைச் சேர்த்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். தானாக இடத்தைக் காலி செய்யும் ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற விண்டோஸ் அமைப்பில் டவுன்லோட்ஸை அழிக்கும் வசதி இன்னும் உண்டு, கடைக் கம்ப்யூட்டரில் அதை 'நெவர்' என்றே வையுங்கள். அப்புறம், பழைய கேனன் எல்பிபி 2900 மாதிரி பிரிண்டர் வைத்திருப்பவர்கள், அதற்கு ஒழுங்காக வேலை செய்த டிரைவர் செட்டப்பை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டு மீதியை அழியுங்கள்.