தோழிமார் சாரி: வாங்கித் தருவதா, நிறம் மட்டும் சொல்வதா, வாடகைக்கு எடுப்பதா?

முன்பெல்லாம் நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்கு ஒரு தோழி, மாப்பிள்ளைக்குத் தோழனாகப் பெண்ணின் தம்பி. அவனுக்கு வேட்டி சட்டை, வசதியிருந்தால் மோதிரம். செலவு அத்தோடு சரி. இப்போது ஹட்டன், தலவாக்கலை மண்டபங்களில் தோழி, தோழன் என்று நான்கு ஜோடி ஒரே நிறத்தில் நிற்காவிட்டால் ஆல்பம் நிறையாது என்கிறார்கள். நிற்கட்டும். யார் காசில்?

பெண் வீடே எல்லாம் வாங்கித் தருவது மரியாதையான வழிதான். ஆனால் சாரி விலையை நான்கால் பெருக்கினால் கணக்கு முடியாது. ஃபால்ஸ் அடிக்க வேண்டும், பிளவுஸுக்கு லைனிங், தையல்கூலி, அப்புறம் பியூட்டிஷியனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு.

நிறத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் நமக்குச் செலவில்லை. பாரம் தோழியின் தலைக்கு மாறுகிறது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக்கி 2024 செப்டம்பரில் வர்த்தமானி வந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம் போக அப்போது கையில் வந்தது 1,242. அந்தக் கணக்கில் 5,000 ரூபாய்ச் சாரிக்கு நான்கு முழுப்பேர், அதாவது நான்கு நாள் முழு வேலை, போட்டாலும் 32 ரூபாய் குறைந்தது. அவள் மொய்யும் எழுதியாக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, 'மயில்கழுத்து' என்று சொன்னதற்கு ஒருத்தி நீலத்தில் வருவாள், இன்னொருத்தி பச்சையில் வருவாள்.

வாடகை பையன்களின் கோட்டுக்குத்தான் ஓரளவு பொருந்தும். நுவரெலியாவில் தை மாதக் குளிருக்குக் கோட் இதமாகவே இருக்கும். ஆனால் பந்தியில் சாம்பார் சிந்தினால் கட்டிவைத்த முற்பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். வாடகை பிளவுஸோ யார் உடம்புக்கும் சேராது. நாள் முழுக்க ஊசி குத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நான்கு ஜோடியை இரண்டாக்கிவிட்டு, கொழும்புக்குத் தாலிக்கொடி எடுக்கப் போகும்போதே புறக்கோட்டையில் ஒரே ரகத்தில் இரண்டு சாரி எடுத்துவிடலாம். சாரி நம்முடையது, தையல்கூலி அவர்களுடையது என்று கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். பையன்களிடம் வெள்ளைச் சட்டை எப்படியும் இருக்கும், வேட்டி மட்டும் வாங்கினால் போதும்.

பியூட்டிஷியனிடம் எத்தனை தலை என்பதை முற்பணம் கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அன்று விடியற்காலையில் சித்தியும் அத்தை மகளும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். எழும்பச் சொல்லவும் முடியாது.