பிரிகேடியர் ஐயாவின் வெள்ள மீட்பு வகுப்பு: போகலாமா?

காசிமேட்டில் ஞாயிறு காலை நடந்த வெள்ள மீட்பு வகுப்புக்குப் போயிருந்தேன், கட்டணம் கிடையாது. நடத்தியவர் ஓய்வுபெற்ற பிரிகேடியர், 2004 சுனாமியிலும் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் களத்தில் நின்றவராம். இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு, ஒற்றைக் கையாலேயே ஒரு முடிச்சு போட்டார் பாருங்கள், எவ்வளவு இழுத்தாலும் வயிற்றை இறுக்கவில்லை. கயிறும் வலையுமாகவே வளர்ந்த எங்கள் ஏரியா பசங்களே ‘இன்னொரு தடவை சார்’ என்று கேட்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006இல் உருவான கதை, அரக்கோணத்தில் இருக்கும் அதன் 4ஆவது பட்டாலியன் என்று நடுவில் கொஞ்சம் இழுவைதான். சரி, வாங்கிய மெடல்களைப் பற்றி மூச்சே விடவில்லையே, அதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம். மைக் மட்டும் மகா மோசம். 2023 மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததே, அதில் இறங்கலாமா என்று கேட்டேன். “இறங்காதே தம்பி, மாடிக்கு ஏறு” என்றார். அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போகிறேன்.