முப்பதாயிரத்துக்குள் லேப்டாப்: புதுசா, கம்பெனியில் ஓடி வந்ததா?

லேப்டாப் படுத்துவிட்டால் உடனே புதுசு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். எழுபது, எண்பதாயிரம் செலவழிக்க முடிந்தவருக்கு அதில் பெரிய குழப்பம் இல்லை, எதை எடுத்தாலும் ஓடும். முப்பதாயிரத்தைத் தாண்ட வழியில்லை, கல்லூரி வேலை, ஆன்லைன் வகுப்பு, வேர்டு, எக்செல், கொஞ்சம் பைதான், ராத்திரி ஒரு படம் என்று இருப்பவருக்குத்தான் தேர்வு கடினம். கேமிங், வீடியோ எடிட்டிங் கேட்பவர்கள் இந்தத் தொகையை மறந்துவிடலாம்.

முதலில், உடைந்த லேப்டாப் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? ஸ்கிரீன், கீபோர்டு, கீல், பேட்டரி, ஹார்ட் டிஸ்க் இவற்றில் ஒன்று போயிருந்தால் சரிசெய்வதே மலிவு. மதர்போர்டு என்றால் யோசிக்க வேண்டும். சிப் லெவல் சர்வீஸ் (போர்டில் பழுதான சிறு பாகத்தை மட்டும் மாற்றுவது) செய்து உயிர் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் பட்ட போர்டு மறுபடி எப்போது மக்கர் செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெலில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசஸர் சிப் வேண்டும் (ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர). அதற்கும் முந்தைய சிப் உள்ள லேப்டாப்புக்குப் பெரிய செலவு செய்வதில் அர்த்தமில்லை. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர் மட்டும் செய்யலாம். எப்படியானாலும், காயலான் கடைக்குப் போடும் முன் ராமையும் எஸ்எஸ்டியையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2025 கடைசியில் ராம் விலை எகிறியதிலிருந்து பழைய டிடிஆர்4 ரக ராம் குச்சிக்குக்கூட மதிப்பு வந்துவிட்டது.

சரி, புதுசுக்கு வருவோம். இந்த விலையில் ஷோரூமில் கிடைப்பவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. அடிமட்டத்தில் இன்டெலின் மலிவு சிப்களான செலரான் என்4020, என்4500. இரண்டிலும் இரண்டே கோர்தான் (சிப்புக்குள் வேலையைப் பிரித்துச் செய்யும் பகுதிதான் கோர்). கூடவே 4 ஜிபி ராம், போர்டில் ஒட்டிய, எஸ்எஸ்டியைவிட மெதுவான இஎம்எம்சி சேமிப்பு. குரோமில் பத்து டேப் திறந்து மீட்டிங்கிலும் சேர்ந்தால் திணறும். பெட்டி பிரிக்காத புதுசு என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்குவது பணத்தைக் கரைப்பதற்குச் சமம். இன்டெலின் என்100 பரவாயில்லை. நாலு கோர், குறைந்த மின்சாரம், பாடம் படிக்கப் போதும். ஐ3-1215யூ கிடைத்தால்தான் புதுசு வாங்கியதற்கு அர்த்தம் வருகிறது. 2022-இல் வந்த 6 கோர் சிப் அது. இங்கே பேசும் வேலைகளில் எதற்கும் அசராது. ஆனால் 8 ஜிபி ராமோடு அது பெரும்பாலும் முப்பதாயிரத்துக்கு மேலேதான் நிற்கும். தள்ளுபடி சீசனில் அந்தக் கோட்டுக்குள் வந்தால் அதிர்ஷ்டம்.

இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் போனால் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யூ 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நாலு கோர். 7530யூ ஜென் 3, ஆறு கோர். முதல் இலக்கமான 7, எந்த வருஷத்துப் பட்டியல் என்பதைக் காட்டுவது மட்டும்தான். போதாததற்கு 7320யூ, 7520யூ சிப் உள்ளவற்றில் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டே வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த விலைப் புதுசுகளின் வேகத்தைவிட அவற்றின் உடம்புதான் எனக்கு உறுத்தல். பிளாஸ்டிக் மூடி, வளையும் கீபோர்டு, வெளிறிய ஸ்கிரீன். விலையைக் குறைக்க முதலில் கை வைப்பது இவற்றில்தான். தினமும் பையில் போட்டு பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு சிப்பின் வேகத்தைவிடக் கீலின் ஆயுள் முக்கியம்.

எதிர்ப்பக்கம் நிற்பது, பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் பிசினஸ் லேப்டாப். சென்னை ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருப்பவற்றில் பல இந்த ரகம்தான். புதுசாக இருந்தபோது இவற்றின் விலை நம் பட்ஜெட்டைப்போலப் பல மடங்கு. அதற்கேற்ற கீல், கீபோர்டு, திருகைக் கழற்றினால் ராமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். 2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றும் ராமுக்கு இரண்டு ஸ்லாட் உள்ளவை. மூன்றிலும் 8-ஆம் தலைமுறை சிப் இருக்கும் (முந்தையது போட்டு வந்ததும் உண்டு, சிப் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்). இருபதாயிரத்தை ஒட்டியே கிடைக்கும். டி480-இல் பேட்டரியே இரண்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறு போடலாம். நாளெல்லாம் தமிழ்99 முறையில் தமிழ் தட்டச்சு செய்கிறவர் அந்த கீபோர்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

வேகத்தில் மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 8-ஆம் தலைமுறை ஐ5, என்100-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஐ3-1215யூ அதைத் தாண்டிப் போய்விடும். விண்டோஸ் 11 ஏற்கும் கடைசிப் படியும் அந்த 8-தான். அடுத்த விண்டோஸ் வரும்போது கழற்றிவிடப்படுவதில் முதல் ஆளாக இருக்கும். நாலு வருஷப் படிப்புக்கு வாங்குபவர் இன்னும் கொஞ்சம் போட்டு, 2021-இல் வந்த லாட்டிட்யூட் 5420 போன்ற 11-ஆம் தலைமுறையைத் தேடலாம். அதிலும் ராமுக்கு இரண்டு ஸ்லாட். என்னைக் கேட்டால் முப்பதாயிரத்துக்குள் எல்லாக் கோணத்திலும் தேறுவது இதுதான். அதே வரிசை மாதிரி தோன்றும் 7420-ஐ எடுத்துவிடாதீர்கள், அதில் ராம் சால்டர்.

கடையில் சோதிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். டி470-உம் டி480-உம் வெளியே கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் டி470 7-ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். ஸ்கிரீன் ரெசல்யூஷன் 1920×1080 தானா என்று பாருங்கள். அதைவிடத் தெளிவு குறைந்த 1366×768 போட்டு வந்தவையும் ஏராளம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம்: டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் தாங்கிய அளவு) 50 என்று இருந்து ஃபுல் சார்ஜ் (இப்போது தாங்கும் அளவு) 28 காட்டினால், புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) பாஸ்வேர்டு இல்லாமல் போக முடிகிறதா? ரொம்ப முக்கியமாக, விண்டோஸை ரீசெட் செய்து கடை வைஃபையில் இணைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் பெயர் வந்து அலுவலக ஈமெயில் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் கம்பெனிப் பதிவிலிருந்து நீங்கவில்லை என்று அர்த்தம். எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டி480-இல் யூஎஸ்பி-சி சார்ஜிங்கையும் பாருங்கள். 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்தப் போர்ட்டை இயக்கும் உள் மென்பொருள்) கோளாறால் அந்தப் போர்ட் செயலிழந்தது உண்டு. லெனோவோவே அதற்கு அப்டேட் வெளியிட்டது. உரிமம் இல்லாத ஆபிஸை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் போதும்.

விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். எச்பி 2023 அக்டோபரில் இருந்து சென்னைக்கு அருகிலேயே தயாரிக்கத் தொடங்கிய ரகம். குறைந்த சிப்பிலும் மந்தமில்லை, புதிய மாடல்களுக்குப் பத்து வருஷ அப்டேட் உண்டு. அந்தப் பத்து வருஷம் நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லை, அந்த மாடலின் தளம் (அடிப்படை வன்பொருள்) வெளியான நாளிலிருந்து. டேலி, ஆட்டோகேட் நிறுவ முடியாது. கேமரா வழியே கண்காணிக்கும் தேர்வு மென்பொருள் பல விண்டோஸ்தான் கேட்கும். பள்ளிப் பிள்ளைக்குச் சரி, பி.காம் அல்லது இன்ஜினியரிங் மாணவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்போ புதுசு யாருக்கு? பக்கத்தில் நம்பகமான சர்வீஸ் ஆள் இல்லாத ஊரில் இருப்பவருக்கு, கணினியைத் திறந்து பார்க்கும் பழக்கமே இல்லாத வீட்டுக்கு. அவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஐ3-1215யூ எடுப்பது நல்லது, ஒரு வருஷ வாரண்டி அவர்களுக்குத்தான் பயன்படும். பழையது எடுப்பவர் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், எத்தனை மாத வாரண்டி, அதில் பேட்டரி சேருமா என்பதும் எழுத்தில் இல்லாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.